லத்தீன் பேர வச்சு பழத்தக் கண்டுபிடிக்கச் சொல்றாரு எங்க பெரியப்பா, இது நியாயமா? (குறுக்கெழுத்து உதவி)

செல்லூர்க்காரன்:

வணக்கம் மக்களே. எங்க பெரியப்பா தாவரவியல் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கு சொந்தபந்தம் பூராம் அவரு வீட்டுல கூடிருவோம், மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கை கழுவிட்டு வர்றதுக்குள்ள மனுசன் கையால கட்டம் போட்டு ஜெராக்ஸ் எடுத்த ஒரு குறுக்கெழுத்த ஆளுக்கு ஒண்ணா நீட்டிருவாரு. ஒவ்வொரு வருசமும் ஒரு சப்ஜெக்ட். போன வருசம் ரயில்வே, அது பரவால்ல ஒரு மாதிரி ஒப்பேத்திட்டோம். இந்த வருசம் முழுக்கப் பழம், அதுலயும் லத்தீன் பேரு, ஹிஸ்டரி எல்லாத்தையும் போட்டுக் கொழப்பி எழுதியிருக்காரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள விடை குடுக்கணும். கூகுள்ல தட்டிப் பாக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காரு, நாலு பேருகிட்ட கேக்கக்கூடாதுன்னு சொல்லல, அதான் இங்கிட்டு வந்துட்டேன்.

நிக்கிறது இதுகதான், அடைப்புக்குள்ள இருக்குறது எழுத்து எண்ணிக்கை, புள்ளி வச்ச எழுத்துக்கும் தனிக் கட்டம்:

குறுக்கு 3: குரங்கு போட்ட கம்மல், இனிக்கும் (7)
குறுக்கு 9: பேர் பாரசீகம், பிறந்தது சீனம், காத்து வாங்கவும் போகலாம் (2)
குறுக்கு 12: அத்தி ஊரின் பேரைச் சுமக்கும் அமெரிக்கக்காரி (4)
குறுக்கு 15: முன்னே கிரேக்கத்து அந்திமகள், பின்னே போர்ச்சுகல் பழம், உள்ளே சிவன் (4)
நெடுக்கு 4: எரிந்த நகரத்தின் ஆப்பிள், எறிந்தால் வெடிக்கும் (3)
நெடுக்கு 7: 1944-ல் வாத்தியாரை விசாரணைக்கு இழுத்த பழம் (4)
நெடுக்கு 10: அலமோ தளபதி மென்ற பால் (5)

நெடுக்கு 2 மட்டும் போட்டுட்டேன், "இந்தியப் பேரீச்சை, ஆனால் ஆப்பிரிக்கா (2)". அது புளி. அரபிக்காரங்க தாமர் ஹிந்தின்னு சொன்னது தாமரிண்டஸ் ஆயிருச்சுன்னு ஸ்கூல்ல அவரே சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருந்துச்சு. அந்த ளி தான் குறுக்கு 3-க்கு கடைசி எழுத்து.

இன்னொரு கேள்வியும் இருக்கு. எங்க அத்த பொண்ணு பார்மசி படிச்சவ, அவளுக்கு இந்த லத்தீன் எல்லாம் அத்துப்படி, ஏற்கனவே பாதிக்கு மேல முடிச்சுட்டு சிரிச்சுக்கிட்டு சுத்துறா. நாங்கள்லாம் பி.காம் கோஷ்டி. மனப்பாடம் பண்ணவன் மட்டும் ஜெயிக்கிற மாதிரி புதிர் போடுறது நியாயமா? கட்டம் போடுறவங்க, தீக்குறவங்க யாராச்சும் இருந்தா உங்க கருத்தச் சொல்லுங்க.

---

தல்லாகுளம்_தாஸ்:

4 நெடுக்கு மாதுளை. கிரனேடு. டூட்டில இருக்கேன், மிச்சத்துக்கு ராத்திரி வரேன்.

---

வேர்க்கால்:

தம்பி, நான் பெரியகுளம் பக்கம் தோட்டக்கலை படிச்சவ, அதனால என்னையும் உங்க அத்த பொண்ணு கட்சியிலதான் சேப்பீங்க. ஆனா உங்க பெரியப்பா போட்டிருக்குறதப் பாத்தா லத்தீன் மனப்பாடம் கேக்குற மாதிரி எனக்குத் தெரியல. அந்தப் பேருக்குள்ள இருக்குற கதையத்தான் குறிப்பா எழுதியிருக்காரு.

குறுக்கு 3 எடுத்துக்கங்க. பித்தசெல்லோபியம் டல்சி. கிரேக்கத்துல பித்தகோஸ்னா குரங்கு, எல்லோபியான்னா காதுல போடுற கம்மல், டல்சின்னா லத்தீன்ல இனிப்பு. காய் வளையம் வளையமா சுருண்டு தொங்குறதப் பாத்து ஒருத்தன் வச்ச பேரு. இப்ப லத்தீனத் தூக்கித் தூரப் போடுங்க. மரத்துல சுருண்டு தொங்கும், கம்மல் மாதிரி இருக்கும், இனிக்கும், ஏழு எழுத்து, கடைசி ளி. ஸ்கூல் வாசல்ல தள்ளுவண்டியில கூறு கட்டி விப்பாங்கல்ல, பச்சையும் சேப்புமா தோலு, உள்ள வெள்ளையும் ரோசுமா சதை, கருப்புக் கொட்டை. அந்தக் கொட்டையில மேல் கருப்புத் தோல மட்டும் நகத்தால உரிச்சு, உள்ள இருக்குற பழுப்புத் தோலு கீறாம எடுத்து நிலப்படிக்கு மேல வச்சா வீட்டுக்கு விருந்தாளி வருவாங்கன்னு நாங்க வச்சுக்கிட்டுத் திரிவோம், பாதிக் கொட்டை பழுப்பு கீறிப் போயிரும். கொடுக்காப்புளி தம்பி. எண்ணிப் பாருங்க, கொ டு க் கா ப் பு ளி, ஏழு. மரம் மெக்சிகோவுல இருந்து வந்தது, பேரு கிரேக்கத்துல இருந்து வந்தது, ஆனா மதுரையில பொறந்து வளந்தவனுக்கு லத்தீன் தெரியாமலே விடை வரும். இது நல்ல குறிப்பு.

குறுக்கு 12 பப்பாளி. கேரிகா பப்பாயா. கேரியான்னு இப்பத்த துருக்கியில தென்மேற்கு ஓரமா ஒரு பழைய நாடு, பழைய கிரேக்க சரித்திரம் எழுதுன ஹெரோடோட்டஸ் பொறந்த ஹாலிகர்னாசஸ் அங்கதான், உலக அதிசயத்துல ஒண்ணுன்னு சொல்ற மௌசோலஸ் ராசா கல்லறையும் அங்கதான். அந்த ஊரு அத்திப்பழம் ரோமாபுரியில பேர் வாங்குனதால காஞ்ச அத்திக்கே கேரிகான்னு பேராயிருச்சு. பப்பாளி இல அத்தி இல மாதிரி விரிஞ்சு பிளந்து இருக்குன்னு செடிகொடிக்கெல்லாம் லத்தீன் பேரு வச்ச லின்னேயஸ் அந்தப் பேரத் தூக்கி இதுக்கு வச்சுட்டாரு. கடையில விக்கிற சீமை அத்தி ஃபைகஸ் கேரிகா, இது கேரிகா பப்பாயா, கேரியாவுல ஒரு பப்பாளிகூட இருந்ததில்ல, அது மத்திய அமெரிக்காச் சரக்கு. அதான் அமெரிக்கக்காரின்னு போட்டிருக்காரு.

குறுக்கு 9 பாத்து எனக்குச் சிரிப்பு தாங்கல. ப்ரூனஸ் பெர்சிகா. பேருல பெர்சியா இருக்கும், ஆனா சீனாவுல பொறந்து வளந்த மரம், ரோமுக்கு பெர்சியா வழியா வந்து சேந்ததால அங்கதான் விளையுதுன்னு நெனச்சுட்டாய்ங்க. கொடைக்கானல் போனா சீசன்ல பிளம்ஸ் பக்கத்துல ரோட்டோரமா குவிச்சு வச்சிருப்பாங்கல்ல, மேல மெல்லிசா ரோமம் இருக்கும். பீச். காத்து வாங்கப் போறது மெரினா பீச். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான், இங்கிலீஷ்காரனுக்கு இந்தக் குறிப்பே வேலை செய்யாது.

ஒரு விசயம் மட்டும் ஞாபகத்துல வச்சுக்கங்க, லத்தீன் பேருல ஊர் பேரு இருந்தா நம்பிறாதீங்க. புளிக்கு இண்டிகா, ஆனா மரத்துக்குச் சொந்த ஊரு ஆப்பிரிக்கா. இலந்தைக்கு மொரீசியானா, ஆனா அது நம்ம கரட்டுக் காட்டுல கிடக்குற மரம். மாமரத்துக்கு மாஞ்சிஃபெரா இண்டிகா, அது மட்டும் உண்மையச் சொல்லுது, அதுக்குள்ள நம்ம மாங்காவும் ஒக்காந்திருக்கு.

---

கறுப்புக்கட்டம்:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. பீச்சுக்கு ஒரு சலாம், பெரியப்பா சாதாரண ஆளு இல்ல.

7 நெடுக்கு என்னோட ஏரியா. மல்பெரி. குறுக்கெழுத்துப் பைத்தியம் பிடிச்சவன் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை இது, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 1944 மே மாசம், நேச நாட்டுப் படைங்க நார்மண்டில எறங்கப் போற திட்டம் ரகசியமா ஓடிட்டு இருக்கு. லண்டன் டெய்லி டெலிகிராஃப் பேப்பர்ல குறுக்கெழுத்து போடுறவரு லியனார்ட் டாவ், ஒரு ஸ்கூல் ஹெட்மாஸ்டர். அவரு புதிர்ல மே 2-ம் தேதி யூட்டான்னு ஒரு விடை, மே 22-ம் தேதி ஒமாஹா, ரெண்டும் படை எறங்கப் போற கடற்கரைக்கு வச்ச ரகசியப் பேரு. சரி தற்செயல்னு விட்டா மே 27-ல ஓவர்லார்ட், அது மொத்தத் திட்டத்தோட பேரு, மே 30-ல மல்பெரி, ஜூன் 1-ல நெப்டியூன். ஜூன் 6-ம் தேதி படை எறங்குது. உளவுத்துறை சும்மா விடுமா, வீட்டுக்கே வந்து மனுசன உக்கார வச்சு துருவித் துருவிக் கேட்டுருக்காய்ங்க. ஒண்ணும் கிடைக்கல. ரொம்ப வருசம் கழிச்சு 1984-ல அவருகிட்ட படிச்ச ஒருத்தர் சொன்ன கதை என்னன்னா, வாத்தியாரு வெறுங்கட்டத்தக் குடுத்து பசங்கள வார்த்தை நிரப்பச் சொல்வாராம், பசங்க பக்கத்து முகாம்ல இருந்த சிப்பாய்ங்க பேசிக்கிட்டத காதுல வாங்கி அப்படியே எழுதிட்டாய்ங்களாம், அப்புறம் அதுக்குத் தக்கன வாத்தியாரு குறிப்பு எழுதுவாராம். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

மல்பெரிங்கிறது பழமாவா போருக்கு வந்துச்சு, இல்ல. துண்டு துண்டா செஞ்சு கடல்ல இழுத்துட்டுப் போயி அங்க வச்சு ஒட்டுற செயற்கைத் துறைமுகத்துக்கு அந்தப் பேரு. ரெண்டு துறைமுகம் கட்டுனதுல ஒமாஹா பக்கம் இருந்தது ஜூன் 19-ல வந்த புயல்ல நாசமாயிருச்சு, அரோமான்ச் பக்கம் இருந்தது தாங்குச்சு. பழத்துக்கு லத்தீன்ல மோரஸ். தேனிப் பக்கம் பட்டுப்புழு வளக்குறவங்க வெட்டிப் போடுறது மோரஸ் ஆல்பா, வெள்ளை. இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ் நம்ம நாட்டுலயும் பட்டு எடுப்போம்னு 1609 வாக்குல ஆயிரக்கணக்குல கண்ணு நட்டு வச்சாரு, நட்டது கருப்பு மல்பெரி, புழு அத விரும்பித் திங்காது, பட்டும் வரல ஒரு மண்ணும் வரல. இத ஒரு குறிப்பாவே போடலாம், "ராஜா நட்டது கருப்பு, புழு கேட்டது வெள்ளை (4)".

இப்ப நியாயமான்னு கேட்டீங்களே. குறுக்கெழுத்து பொறந்த அன்னிக்கே இந்தச் சண்டையும் பொறந்துருச்சு. 1913 டிசம்பர் 21, நியூயார்க் வேர்ல்டு பேப்பர்ல ஆர்தர் வின் போட்ட முதல் புதிர், வைர வடிவக் கட்டம். அதுல ஒரு குறிப்பு, கோமுட்டிப் பனையோட நார். விடை டோ. இங்கிலீஷ்ல மூணு எழுத்து. எவனுக்குத் தெரியும் சொல்லுங்க, ஜாவா பக்கம் சக்கரையும் நாரும் எடுக்குற ஒரு பனை அது, அந்தப் பேப்பர் வாங்குன நியூயார்க்காரன் அந்த மரத்தப் பாத்துருப்பானா? ஆனா சுத்தி இருக்குற எழுத்து விழுந்தா தானா விடை வரும், அதான் கட்டத்தோட பலமே. என்னோட கணக்கு இதுதான்: தெரியாத பேரப் போடு, தப்பில்ல, ஆனா வேற ஒரு வாசலாச்சும் தொறந்து வை. குறிப்புக்குள்ள இன்னொரு வழி இருக்கணும், இல்லாட்டி குறுக்க வர்ற எழுத்தாவது லேசா இருக்கணும். ரெண்டும் இல்லாம சீத்தாவுக்கு "அனோனா ஸ்குவமோசா (3)"ன்னு மொட்டையா போட்டா அது புதிர் இல்ல, பரீட்ச பேப்பர்.

---

செல்லூர்க்காரன்:

ஆத்தி, இம்புட்டு கதையா. வேர்க்கால் அக்கா, கறுப்புக்கட்டம் அண்ணே ரெண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. வாத்தியாருன்னதும் நான் நம்ம ஊரு சுதந்திரப் போராட்டம்னு நெனச்சு 1944-ல மதுரையில யார அரெஸ்ட் பண்ணாங்கன்னு யோசிச்சுக்கிட்டு கெடந்தேன்.

மாதுளைக்கு "எரிந்த நகரத்தின் ஆப்பிள்" எங்க வருதுன்னு தாஸ் அண்ணன் சொல்லவே இல்ல. 10-வதும் 15-வதும் இன்னும் நிக்குது. 12 பப்பாளின்னா அதோட ரெண்டாவது எழுத்து ப், அதுதான் 10 நெடுக்குக்கும் ரெண்டாவது எழுத்து.

---

சிம்மக்கல்_பழக்கடை:

10 சப்போட்டா. தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்டுல பழ யாவாரம், சின்ன வயசுல சிம்மக்கல்லு, இப்ப மாட்டுத்தாவணி. அலமோ யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா "பால்"னு படிச்சதுமே கை தானா சப்போட்டாவுக்குப் போயிருச்சு. முத்தாத சப்போட்டாவ கத்தி வச்சுக் கீறிப் பாருங்க, வெள்ளையா பால் வந்து கத்தியில ஒட்டும், கழுவுனா போகாது, வெரல்ல பட்டா வெரலு வெரலோட ஒட்டிக்கும், தேங்கா எண்ணெய் போட்டுத்தான் எடுக்கணும். வீட்டுக்குக் காயா வாங்கிட்டுப் போறவங்ககிட்ட அரிசிப் பானைக்குள்ள போட்டு வைங்கம்மான்னு சொல்லுவோம், பழுத்தா பால் ஓடிரும். மென்னா பபுள்கம் மாதிரி வரும்னு சின்னப் பிள்ளையில தின்னு பாத்து அப்பாட்ட அடி வாங்குனவன் நான்.

லத்தீன் கித்தீன் ஒண்ணும் வேணாங்க, பழத்தத் தொட்டுப் பாத்தவனுக்கு விடை வரும்.

---

வேர்க்கால்:

அண்ணே நீங்க சொன்ன பபுள்கம் தான் முழு விடையும்! அந்தப் பாலுக்கு மெக்சிகோவுல சிக்ளேன்னு பேரு, அங்கத்த ஜனங்க காலங்காலமா மென்னது. 1836-ல டெக்சஸ்ல அலமோங்கிற கோட்டையப் பிடிச்சவரு மெக்சிகோ தளபதி சாண்டா அன்னா. பின்னாடி அவரு நாடு கடத்தப்பட்டு நியூயார்க் பக்கம் ஸ்டேட்டன் தீவுல கெடந்தப்ப இந்தச் சிக்ளேவ மென்னுக்கிட்டே இருப்பாராம். அங்க தாமஸ் ஆடம்ஸ்னு ஒருத்தர் இத வச்சு ரப்பருக்குப் பதிலா டயர் கியர் ஏதாச்சும் பண்ணலாம்னு பாத்தாரு, ஒண்ணும் தேறல, கடைசியில மெல்லுறதுக்கே வித்துட்டாரு, இன்னிக்கு உலகம் பூராம் மெல்லுற சூயிங்கத்துக்கு ஆரம்பம் அதுதான். இப்ப வர்றது பெரும்பாலும் செயற்கைப் பிசின், சப்போட்டாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

சப்போட்டா லத்தீன் பேரு மணில்காரா சப்போட்டா. ரெண்டாவது பாதி மெக்சிகோ பாஷை. முதல் பாதி மலையாளம்! டச்சுக்காரங்க கொச்சியில இருந்தப்ப வான் ரீட்னு ஒரு கவர்னர், ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் மாதிரி ஆளுங்கள வச்சு கேரளத்துச் செடிகொடி பூராத்தையும் படத்தோட எழுதி வச்சாரு, ஹோர்டுஸ் மலபாரிக்கஸ், 1678-ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல 12 பாகமா வந்துச்சு. அதுல மலையாளப் பேரெல்லாம் அப்படியே இருக்கும், அதுல இருந்து எடுத்த பேருதான் மணில்காரா. நம்ம காட்டுப் பாலை மரமும் அதே மணில்காரா சாதிதான். மஞ்சளா கொட்டை கொட்டையா பாலைப்பழம் தின்னுருக்கீங்களா யாராச்சும்? ஒதடு ஒட்டும்.

---

தல்லாகுளம்_தாஸ்:

வந்துட்டேன். மாதுளைக்கு லத்தீன்ல பூனிகா கிரனாட்டம். பூனிகான்னா கார்த்தேஜ்காரி, கார்த்தேஜ் வட ஆப்பிரிக்காவுல இருந்த பழைய நகரம். ரோம்காரன் இத மாலும் பூனிகம்னு சொன்னான், கார்த்தேஜ் ஆப்பிள். அந்த ஊர கி.மு. 146-ல ரோம்காரன் எரிச்சுத் தரைமட்டமாக்கிட்டான், எரிந்த நகரம் ஆச்சா. கிரனாட்டம்னா மணி மணியா இருக்குறது. உள்ள மருந்து மணிய அடைச்சு எறியுற குண்டுக்கு பிரெஞ்சுக்காரன் மாதுளை பேரையே வச்சான், கிரனேடு. எறிந்தால் வெடிக்கும் ஆச்சா. சின்ன ரி-யும் பெரிய றி-யும் வச்சு வெளாண்டுருக்காரு பாருங்க உங்க பெரியப்பா, எரிந்த, எறிந்தால். ஆனா மாதுளைக்குச் சொந்த ஊரு கார்த்தேஜ் இல்ல, ஈரான் பக்கம். வேர்க்கால் அக்கா சொன்ன கட்சிதான்.

அப்புறம் கார்த்தேஜ்னதும் ஞாபகம் வருது. கேட்டோன்னு ஒரு கெழவரு ரோம் செனட்ல எந்த விசயம் பேசுனாலும் கடைசியில கார்த்தேஜ அழிக்கணும்னு முடிப்பாரு. ஒருநாள் அங்கிய ஒதறி ஒரு அத்திப்பழத்தக் கீழ உதுத்தாராம், எல்லாரும் ஆகா எம்புட்டு பெருசுன்னு பாக்க, இது விளையுற ஊரு இங்கேருந்து மூணே நாள் கப்பல் தூரம்னு சொன்னாராம். பழம் அவ்வளவு புதுசா இருக்குன்னா எதிரி அவ்வளவு பக்கத்துல இருக்கான்னு அர்த்தம். ஒரு பழத்த வச்சு ஒரு ஊரக் கொளுத்த ஆள் சேத்துருக்காரு மனுசன். அத்திக்குக் குறிப்பு: "கிழவன் உதிர்த்தான், நகரம் எரிந்தது (3)". பெரியப்பாட்ட சொல்லுங்க, அடுத்த வருசத்துக்கு வச்சுக்கட்டும்.

---

கறுப்புக்கட்டம்:

தாஸ் அண்ணே குறிப்பு அமர்க்களம், ஆனா கேட்டோ கதை தெரியாதவனுக்கு எந்த வாசலும் இல்லையே. "பிட்டுப் பாத்தா அத்தனையும் புழு"ன்னு பழமொழியையும் ஒரு ஓரமா செருகி விடுங்க, தெரியாதவனும் உள்ள வந்துருவான்.

---

போஸ்ட்ஆபீஸ்_தாத்தா:

தம்பிகளா, எல்லாத்தையும் படிச்சேன். எனக்கு ரெண்டு ஆட்சேபணை.

ஒண்ணு, ஒரே கட்டத்துக்குள்ள புளியும் கொடுக்காப்புளியும் போடலாமா? ஒரு விடைக்குள்ள இன்னொரு விடை வரக்கூடாதுங்கிறது நாங்க பழகுன மொறை.

ரெண்டாவது இந்த நியாயம் அநியாயம் சங்கதி. எங்க காலத்துல குறுக்கெழுத்துன்னா பொழுதுபோக்கு இல்ல தம்பி, அது பண ஆட்டம். பத்திரிகைக்காரங்க நுழைவுக் கட்டணம் வாங்கிக்கிட்டு ஆயிரக்கணக்குல பரிசு போடுவாங்க. ஜனங்க ஒருத்தரே ஏகப்பட்ட கூப்பன் வாங்கி வேற வேற விடையா நிரப்பி மணியார்டரோட அனுப்புவாங்க, எங்க கவுண்டர்ல கூட்டம் அம்மும். ஏன் அத்தன கூப்பன்னா, குறிப்பே அப்படித்தான் இருக்கும். "வீட்டுக்கு இது அவசியம்", விடை பணமா குணமான்னு ரெண்டுக்கும் பொருந்தும், எது சரின்னு ஆசிரியர் மொதல்லயே கவர்ல போட்டு சீல் வச்சிருப்பாரு. அறிவு எங்க வேலை செய்யுது அதுல, சுண்டி விட்ட காசுதான். அதனாலதான் 1955-ல பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டு வந்து மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல பரிசு கூடாதுன்னு கட்டுப்படுத்துனாங்க, அதுக்குக் கீழ நடத்தவும் லைசென்ஸ் வாங்கணும். போட்டி நடத்துனவங்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க, 1957-ல தீர்ப்பு, தெறமையால ஜெயிக்கிறது வேற, சூதாட்டம் வேற, இந்தச் சட்டம் சூதாட்ட வகைக்குத்தான்னு சொல்லி சட்டம் செல்லும்னுட்டாங்க.

அந்த வகையில பாத்தா உங்க பெரியப்பா குறிப்புல ஒண்ணுக்குக்கூட ரெண்டு விடை வரல. பீச்சுக்கு வேற எதையும் போட முடியாது, கொடுக்காப்புளிக்கும் முடியாது. தெரியாம இருக்கலாம், ஆனா தெரிஞ்சா அது மட்டும்தான். அத்த பொண்ணு படிச்சு ஜெயிக்கிறா, ஜெயிச்சுட்டுப் போகட்டும்.

---

செல்லூர்க்காரன்:

தாத்தா வணக்கம். புளி விசயத்த பெரியப்பாட்ட போன்ல லேசா கொக்கி போட்டுப் பாத்தேன், "கொடுக்காப்புளி புளியே இல்லடா, ரெண்டும் அவரைக் குடும்பம்கிறத் தவிர சம்பந்தமே கெடையாது"ன்னுட்டு வச்சுட்டாரு. தாவரவியல் வாத்தியாருகிட்ட எழுத்து ரூல்ஸ் எடுபடாது போல.

15 மட்டும்தான் பாக்கி. சிவன்னா வில்வமா? நாலு எழுத்து வருது. ஆனா வில்வம் பழமா? இலயத்தான அர்ச்சனைக்கு வாங்குறோம்?

---

வேர்க்கால்:

வில்வமேதான். பழம் இருக்கு தம்பி, பந்து மாதிரி உருண்டையா, ஓடு கட்டியா இருக்கும், வயித்துக்குக் கேட்டா சித்த வைத்தியருங்க அதத்தான் சொல்லுவாங்க, வடக்க அத வச்சு சர்பத்தே போடுறாங்க. லத்தீன் பேரு ஏகிள் மார்மெலோஸ். ஏகிள்ங்கிறது கிரேக்கக் கதையில ஹெஸ்பெரிடிஸ்னு மேக்குத் தெசையில தங்க ஆப்பிள் தோட்டத்துக்குக் காவல் இருந்த அந்தி நேரத்துப் பொண்ணுங்கள்ல ஒருத்தி. மார்மெலோஸ் வந்தது போர்ச்சுகல்ல மார்மெலோன்னு சொல்ற பழத்துல இருந்து, இங்கிலீஷ்ல குயின்ஸ், அத வச்சுக் காச்சுறதுதான் மார்மெலாடா, இப்ப ரொட்டிக்குத் தடவுற மார்மலேடு பேரு அதுல இருந்து வந்தது. மணமும் ஓட்டோட நெறமும் பாத்து அவய்ங்க ஊரு பழம்னு நெனச்சுருப்பாங்க. சிவன் கோயில் மரத்துக்கு முன்னாடி ஒரு கிரேக்கத்துப் பொண்ணு, பின்னாடி ஒரு ஜாம் பாட்டில்.

---

கறுப்புக்கட்டம்:

மத்ததெல்லாம் எனக்கு ஓகே, ஆனா இந்த 15 மட்டும் எனக்குப் பிடிக்கல. முன்னாடி பின்னாடி ரெண்டும் லத்தீன் தெரிஞ்சவனுக்கு. உள்ளே சிவன்னு போட்டது மட்டும்தான் மத்தவனுக்கு வாசல், அதுவும் இல ஞாபகம் வந்தா பழம் ஞாபகம் வராது, ருத்ராட்சம் கூட நெனப்பு வரும். குறிப்பு அழகா இருக்குங்கிறதுக்காக கடுசாக்கிட்டாரு.

---

சிம்மக்கல்_பழக்கடை:

ருத்ராட்சம் எண்ணிப் பாருங்க, ஆறு எழுத்து வரும்ல. இருந்தாலும் நான் எழுதுனா இப்படி எழுதுவேன்: "ஓட்ட ஒடைக்கக் கல்லு வேணும் (4)".

---

போஸ்ட்ஆபீஸ்_தாத்தா:

அப்படிப் போட்டா விளாம்பழமும் வந்து நிக்கும்யா. அத எழுத்து எண்ணிக்கை தடுக்கும், ஆனா தேங்காயும் நாலு எழுத்துதான். நான் சொன்ன ரெண்டு விடைச் சண்டை மறுபடி வரும்.

---

வேர்க்கால்:

அப்ப இலயையும் சேத்துருங்க. "ஓட்டுக்குக் கல்லு வேணும், இலைக்கு மூணு முகம் (4)". வில்வத்துக்கு ஒரு காம்புல மூணு மூணாத்தான் வரும், அந்த மூணத்தான் கோயில்ல சூலம்பாங்க முக்கண்ணும்பாங்க. விளாவுக்கு அப்படி இல்ல, ஒரு காம்புல எதிரெதிரா அஞ்சு ஏழுன்னு சின்னச் சின்னதா அடுக்கியிருக்கும், கசக்கி மோந்தா சோம்பு வாசம் அடிக்கும். தேங்காய்க்குக் கீத்து. லத்தீன் ஏறவே இல்ல, விடை ஒண்ணே ஒண்ணு.